முகிலன் போட்ட லாகர்

எழிலரசி மருந்துக் கம்பெனி லேப் வேலையை உதறிவிட்டு, அமெரிக்காவில் பிஸ்கட்டவே ஊர்ப் பக்கம் ஒரு சின்ன ப்ரூவரியில் பீர் தயாரிக்கச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. அவளைப் பார்த்துத்தான் புருஷன் முகிலனுக்கும் அந்தக் கிறுக்கு பிடித்தது. சனிக்கிழமையானால் கராஜில் அடுப்பைப் பற்றவைத்துவிடுவான். ஆனால் அவளைக் கிட்டே சேர்க்கமாட்டான். "நீ புரொபஷனல். கரண்டியைக்கூடத் தொடாதே!"

வீட்டிலேயே பீர் போடுகிறவர்கள் சேர்ந்த ஹோம்ப்ரூ கிளப்பில் அவனும் இருந்தான். அது வருஷாவருஷம் போட்டி நடத்தும். ப்ரூவரியில் வேலை பார்க்கிறவர்களும் வீட்டில் போட்ட பீரைக் கொண்டுவரலாமா என்று ஒருமுறை பெரிய வாக்குவாதம். முகிலன் எழுந்து, "என் பொண்டாட்டிக்கு இது தினப்படி வேலை. நமக்கு சனிக்கிழமை மட்டும்தான். அவங்க உள்ள வந்தா நாம எதுக்கு?" என்றான். ப்ரூவரிக்காரர்கள் கை பட்ட பீரே கூடாதென்று விதி போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதை அவளிடமே சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இந்த மார்ச்சில் ஒரு லாகர் போட்டான், குளிரிலேயே வைத்துப் புளிக்கவிடுகிற பீர். போட்டிக்குப் பேரும் கொடுத்தான். அதைப் போட்ட பன்னிரண்டாம் நாள், ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். நாற்பத்து மூன்று வயது.

காரியம் முடிந்து ஊரிலிருந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகுதான் எழிலரசி கராஜ் ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே லாகர் இருந்த ஜாடியை முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது. பாப்கார்னில் ஊற்றுகிற வெண்ணெய் வாசம். லாகரில் அது பெரிய குறை. முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். மூன்று நாள் வெதுவெதுப்பில் வைத்தால் ஈஸ்டே அந்த வாசத்தைத் தின்றுவிடும். ப்ரூவரியில் எத்தனையோ தடவை செய்ததுதான். ஒன்றும் யோசிக்காமல் ஜாடியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தாள். வாசம் போனதும் குளிர்வித்து, பாட்டிலில் அடைத்து, அவன் பேரிலேயே போட்டிக்கு அனுப்பினாள்.

தங்க மெடல் கிடைத்தது.

கிளப்புக்குத் தலைவர் கஸ்தூரிரங்கன் அங்கிள். மைக்கில் அவருக்குக் குரல் உடைந்தது. "ஆறு வருஷமா ஒரு மெடல்கூட வாங்காத பய. கடைசியா வாங்கிட்டான்." எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மெடலோடு நடுவர்களின் குறிப்பையும் எழிலரசி கையில் கொடுத்தார்கள். 'மிகச் சுத்தம். வெண்ணெய் வாசம் துளியும் இல்லை' என்றிருந்தது.

அவள் அங்கிளை ஓரமாகக் கூப்பிட்டாள். "இது அவர் பீர் இல்ல அங்கிள். அதுல ஒரு குறை இருந்துச்சு. நான் மூணு நாள் வெளிய வெச்சு சரி பண்ணிட்டேன்."

"வெளிய எடுத்து வெச்சே, அவ்வளவுதானேம்மா? யாரு கேக்கப் போறா? விடு."

"ரூல் கொண்டுவந்ததே அவர்தானே அங்கிள்."

அவர் திரும்பிப் போய் மைக்கை எடுத்தார். மெடல் இரண்டாவதாக வந்த மாரிசாமிக்குப் போயிற்று. அந்த மனுஷன் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது காரில் மகள் ரோஷினி கேட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. "பட் அம்மா, அப்பா பண்ணது எப்படி ஸ்மெல் பண்ணுச்சு?"

எழிலரசி சொல்ல வாயெடுத்தாள். அந்த வாசத்தோடு முகரக் கொடுக்க ஒரு துளிகூட மிச்சமில்லை. இருபது லிட்டர் இருந்தது. அதில் ஒரே ஒரு பாட்டிலை அவன் விட்டுப்போன மாதிரியே எடுத்து வைத்திருக்கலாம். அது தோன்றவே இல்லையே! அவன் கையால் செய்த கடைசிப் பிழையை அவளே துடைத்துப் போட்டுவிட்டாள்.

எதிரே வந்த மளிகைக் கடையின் பார்க்கிங்கில் காரைத் திருப்பி நிறுத்தினாள். அவன் போன நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. ரோஷினி சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.