மேற்குச் சுவரின் உதைகள்

1991 பங்குனியில், தோட்டத்தில் வெங்காயம் கிண்டியெடுக்கும் காலத்தில், உரும்பிராய் ஏரம்புவின் வீட்டு மேற்குச் சுவர் உள்ளே பிள்ளை கிடப்பதுபோல உதைக்கத் தொடங்கியது. ஏரம்பு கூலிக்குத் தோட்டம் கொத்துகிறவன். மனைவி குணலட்சுமிக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே அசைவு நின்று போனதால், மருத்துவிச்சி நவமணி மிஸி இம்முறை ஒரு வேலை கொடுத்திருந்தார்: பொழுதுபடுமுன் பிள்ளை பத்துத் தரமாவது துடிக்க வேண்டும், எண்ண வேண்டும். துடிப்புக்கு ஒன்றாகக் குணலட்சுமி சுளகில் சின்ன வெங்காயம் போடுவாள். வேலையால் வந்ததும் ஏரம்பு சுளகைத்தான் பார்ப்பான். பத்துக் கிடந்தால்தான் முகம் கழுவுவான்.

ஒருநாள் ஆறுதான் கிடந்தன. அந்நேரம் பார்த்துச் சுவர் உதைத்தது. குதிக்கால் அளவில் காறை உதிர்ந்தது. தன் பிள்ளையின் உதை அவனுக்குத் தெரியாதா? சுவர் நாலுதரம் உதைக்க, நாலு வெங்காயம் எடுத்துப் போட்டான். பிறகு வயிற்றில் குறையக் குறையச் சுவரில் கூடியது; சுளகில் பத்துக் குறையவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கமும், "சின்ன வயிறெண்டால் சுகமாய்ப் பெறுவாள், கனக்கச் சோறு போடாதை" என்றாள்.

சித்திரையில் மிஸி வந்து வயிற்றின்மேல் அளவுநாடாவைப் பிடித்தார். இருபத்தெட்டு. போன மாதமும் கர்ப்பிணி அட்டையில் அதே இருபத்தெட்டுச் சென்ரிமீற்றர்.

"துடிப்பு?"

"பத்து, மிஸி. வயித்திலை ரெண்டு, சுவரிலை எட்டு."

மிஸி சுவரில் கைவைத்தார். உதைத்தது. அவர் அதிசயப்படவில்லை, கோபப்பட்டார்.

"உதென்ன விசர்க் கணக்கு? சுவரையோ நான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோறது? பிள்ளை வளராமல் நிக்குதடாப்பா. கெதியாய் வெளிக்கிடுங்கோ!"

ஏரம்பு எட்டு வெங்காயத்தைத் திருப்பி எடுத்தான். சுளகில் மிச்சம் இரண்டுதான்.

பெற்றோலுக்குத் தடையென்றதால் மண்ணெண்ணெயில் ஓடிய காரில் போனார்கள். ஆசுப்பத்திரியில் நாலு கிழமை மறித்து வைத்து, நாளுக்கு மூன்று தரம் பிள்ளையின் நெஞ்சுத்துடிப்புக் கேட்டு, அது தளர்ந்த அன்று வயிற்றைக் கீறி எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ. பெண் பிள்ளை; பராசக்தி என்று பெயரிட்டார்கள்.

வீட்டில் சுவர் உதைத்துக்கொண்டே இருந்தது. பிள்ளையை அதில் முதுகு படக் கிடத்தினார்கள். சுவர் தளர, அவள் கைகால் திரண்டன. மிஸி மாதா மாதம் பிள்ளையை நிறுப்பார், பிறகு சுவரைத் தொட்டுப் பார்ப்பார், இரண்டையும் அட்டையில் எழுதுவார்.

1995 ஐப்பசியில், ஆமி வருகிறதென்று ஊர் முழுக்க வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. வெளியே குணலட்சுமி பிடித்திருந்த சைக்கிள் பாரில் பராசக்தி இருந்தாள். ஏரம்பு மட்டும் சுவரடியை விட்டு அசையவில்லை.

"இஞ்சாருங்கோ, சனமெல்லாம் போட்டுது!"

"பொறுமப்பா. சுவரிலை இன்னும் ஒண்டு கிடக்கு."

மெல்ல ஒருதரம் உதைத்து, சுவர் ஓய்ந்தது. வெளியே, பராசக்தியின் பாரத்தில் சைக்கிளின் முன்சில்லு இன்னும் ஒரு நெல்லளவு மண்ணில் அமிழ்ந்தது. ஏரம்பு படலையைச் சாத்திவிட்டு உருட்டத் தொடங்கினான்.