அண்ணியின் சுற்றுவழி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மகளின் நுழைவுத்தேர்வுப் புத்தகத்திலிருந்து வந்தது. அசமன்பாட்டுக் கணக்கு ஒன்றில் அவள் முழித்துக்கொண்டிருந்தாள். "மைனஸால வகுத்தா குறியத் திருப்பணும்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே புத்தகத்தை மூடிவைத்தேன். இருபத்தாறு வருடத்துக்கு முன் இதையே அண்ணியிடம் சொன்னவள் நான்.

2

முதல் வரியாக எழுதியது: "மழை பெய்துகொண்டிருந்த மாலையில், இரு பெண்கள்…"

(மழையெல்லாம் பெய்யவில்லை. கதை என்றால் உடனே மழையைக் கூப்பிடும் கெட்ட பழக்கம் எனக்கு.)

எனக்குப் பதினேழு வயது, அண்ணிக்கு இருபத்திரண்டு. கல்யாணத்தால் நின்றுபோன படிப்பைத் தொடர, என்னோடு அதே கல்லூரி நுழைவுத்தேர்வை எழுதத் துணிந்தார். "ஒரு தடவதான்" என்று அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தான். சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் ஒரே புத்தகம். அண்ணி பென்சிலால் போட்டுவிட்டு, எனக்காக அழித்துவைப்பார். எவ்வளவு சுகமான நாட்கள் அவை.

அண்ணி மைனஸால் வகுக்கவே மாட்டார். 3 – 2x > 11 என்றால், 2x-ஐ அந்தப் பக்கம் தள்ளி, 11-ஐ இந்தப் பக்கம் இழுத்து, –8 > 2x என்று கொண்டுவந்து, சாவகாசமாக இரண்டால் வகுப்பார். –4 > x. குறி இருந்த இடத்திலேயே இருக்கும்.

"ஏன் அண்ணி ஊரச் சுத்திட்டு வர்றீங்க? மைனஸ் ரெண்டால வகுத்து, குறியத் திருப்பினா முடிஞ்சுது."

"திருப்ப மறந்துட்டா?"

"நீங்களா மறப்பீங்க? இப்படிப் போட்டா நேரம் பத்தாது அண்ணி."

அந்த மேதாவித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

3

தேர்வு முடிந்து பேருந்தில் வரும்போது அண்ணி சொன்னார்: "உன் வழியிலதான் போட்டேன். குறியத் திருப்பினேனான்னுதான் ஞாபகமே இல்ல."

எனக்கு இடம் கிடைத்தது. அண்ணிக்கு ஒரே ஒரு மதிப்பெண்ணில் போனது. நான் கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள், என் உடுப்புக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

(அந்த மதிப்பெண் அந்தக் கணக்கில்தான் போனது என்பதற்கு ஆதாரம் கிடையாது. கதை எழுதுகிறவளுக்கு அது வசதி. நாத்தனாரோ அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டாள்.)

4

முடிவு ஒன்று: அண்ணி என்னை மன்னிக்கிறார். (கோபமே படாதவர் எதை மன்னிப்பது?)

முடிவு இரண்டு: அண்ணன் மனம் மாறி, மறுபடி எழுதச் சொல்கிறான். (அவனைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

வேறு வழியில்லாமல் அண்ணிக்கே போன் போட்டு, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"முடிவுதான் அண்ணி வரல."

"நான் பாஸான மாதிரி எழுதேன். மொத நாள் கிளாஸ்ல எங்க போய் உக்காந்தேன், அத மட்டும் எழுது போதும். கேக்கணும்போல இருக்கு."

5

"அண்ணி வகுப்புக்குள் நுழைந்து, ஜன்னலோரமாக…"

மூன்று நாளாக இதற்குமேல் ஓடவில்லை. எனக்குத் தெரிந்த வகுப்பறை நான் படித்த வகுப்பறைதான். எந்த பெஞ்சைக் காட்டினாலும் அங்கே நானோ என் தோழிகளோ உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே நீங்கள்தான் எழுதித் தரவேண்டும். சீக்கிரம் எழுதுங்கள். தினமும் சாயங்காலம் அண்ணி போன் போட்டுக் கேட்கிறார்:

"என்ன, உக்காந்துட்டேனா?"