உட்கார்ந்து போகிறவர்கள்

நாங்கள் இங்கே குடி வந்தபோது எங்கள் தெருமுனைதான் கடைசி ஸ்டாப். பேருந்து வந்து எல்லோரையும் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும். ஓட்டுநர் ஒரு மறைவாகப் பார்த்து ஒதுங்கிவிட்டு வருவார். அதற்குள் நாங்கள் ஏறி, எந்தப் பக்கம் வெயில் அடிக்காது என்று யோசித்து உட்காருவோம். அடுத்தடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களை முறைப்பார்கள். எங்கிருந்தோ வந்து குவிந்துவிட்டுச் சட்டமாக உட்கார்ந்து வருவதைப் பார் என்று ஒருவர் எங்கள் காதில் விழும்படியே சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கிருந்தோ வந்தவர்கள்தான் நாங்கள். அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு தெருமுனைக்கு அப்பால் கிடந்த பொட்டலில் சாலை போட்டார்கள். சாலை வந்த பின் கட்டிடம் வராமல் இருக்குமா? ஒவ்வொரு பிளாக் எழும்பியதும் பேருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பியது. இப்போது எங்கள் ஸ்டாப்பைத் தாண்டி ஏழு ஸ்டாப். காலையில் எங்களிடம் வரும்போது உள்ளே எள் போட்டால் எள் விழாது.

அந்த பிளாக்குகளைக் கட்டுகிறவர்களில் ஒருவர் என் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர். தளம் போடுவதற்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலை. ஒரு தளம் முடிந்தது என்று அவர் சொல்கிற அன்று அக்காவுக்கு வயிறு எரியும்.

"கட்டுங்க, கட்டுங்க. நீங்க ஒரு மாடி ஏத்தினா எனக்கு பஸ்ல ஒரு சாண் குறையுது" என்பாள்.

"நான் பலகைதான் அடிக்கிறேன். ஆளைக் கூட்டிட்டு வர்றது நானா?" என்பார் அவர்.

ஆட்கள் வருவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நான் இரவில் வேலை பார்ப்பது பொட்டலங்களைப் பிரித்து அடுக்குகிற கிடங்கில். ஒரு புதிய பிளாக்கின் எண் பெட்டிகள்மேல் தென்பட ஆரம்பித்தால் முதலில் வருவது மின்விசிறி. அப்புறம் மெத்தை. அடுத்த வருடம் அதே எண்ணுக்குக் குழந்தைகளின் டயபர் மூட்டை மூட்டையாக வரும். படிப்பைப் பாதியில் விடுவதற்கு முன், கல்லூரியில் மக்கள்தொகையைக் கூம்பு மாதிரி வரைந்து காட்டினார்கள். கீழே குழந்தைகள், உச்சியில் கிழவர்கள். எங்கள் பேருந்தை அப்படி வரைந்தால் பானைதான் வரும். நடுவில் மட்டும் பெருத்த பானை. எல்லோருக்கும் இருபதிலிருந்து நாற்பதுக்குள் வயது. நரைத்த தலையைப் பார்க்க வேண்டுமென்றால் நகரத்துக்குள் போக வேண்டும்.

அதனால்தான் அக்காவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அவள் மாசமாக இருந்தாள். போன முறை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இந்த முறை ஆறாம் மாதத்தில் கால் வீங்கி, கொஞ்சம் ரத்தமும் பட்டது. டாக்டரம்மா சுருக்கமாகச் சொல்லிவிட்டார். உட்காரலாம், படுக்கலாம், நிற்கிற வேலை மட்டும் கூடாது. அக்காவுக்கு நிற்கிற வேலை இல்லை. பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்காருகிறவள். அந்த நாற்காலிக்குப் போய்ச் சேரத்தான் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது.

விடுப்புக் கேட்டாள். பள்ளிக்கூடம் திறக்கும்வரை பேச்சே இல்லை என்றார் சூப்பர்வைசர். இந்த வருடம் ஒன்றாம் வகுப்புக்கு மட்டுமே போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு சட்டை தைக்க வேண்டும். வேண்டாமென்றால் நின்றுகொள் என்று சொல்லி, கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு நின்ற பெண்களை நோக்கி ஒரு பார்வை பார்த்தாராம். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பேருந்தில் கேட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். கேட்டாள். கர்ப்பிணிகளுக்கு என்று எழுதியிருக்கும் இருக்கையில் ஏற்கெனவே கர்ப்பிணிகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் வயிற்றைத் தாங்கியபடி நின்றிருந்தார்கள். எல்லோரும் கல்யாணமாகி ஓரிரு வருடமான ஊரில் வயிறு ஒரு சலுகை இல்லை. மற்றவர்கள் தூங்கினார்கள். நடிக்கவில்லை, உண்மையாகவே தூங்கினார்கள்.

வழி எனக்குத்தான் தோன்றியது. காலையில் வேலை முடிந்து நான் வருவது எதிர்த்திசையில். அப்போது பேருந்து காலியாக இருக்கும். எங்கள் ஸ்டாப்பில் இறங்காமல், உட்கார்ந்த இடத்திலேயே கடைசி ஸ்டாப்வரை போவேன். பேருந்து திரும்பும். நான் எழுந்திருக்க மாட்டேன். கூட்டம் ஏறும், நெருக்கும், நான் அசையமாட்டேன். எங்கள் ஸ்டாப் வந்ததும் எழுந்து அக்காவை உட்காரவைத்துவிட்டு, முண்டியடித்து இறங்கி, வீட்டுக்குப் போய்ப் படுப்பேன். ஒரு மணி நேரத் தூக்கம் போகும். போனால் போகிறது. நடத்துநர் எனக்கு ரிட்டர்ன் என்று பேர் வைத்தார். ரிட்டர்ன் வந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் விசில் கொடுப்பார்.

சில வாரம் நன்றாகவே நடந்தது. அப்புறம் எங்கள் தெருக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களும் எதிர்த்திசைப் பேருந்தில் ஏறி, கடைசிவரை போய், உட்கார்ந்தபடியே திரும்பினார்கள். கடைசி ஸ்டாப்பில் விடிகாலையிலிருந்து காத்து நின்றவர்கள் கதவு திறந்ததும் பார்த்தால் பாதிப் பேருந்து நிறைந்திருந்தது. பந்திக்கு முந்துவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் கைகலப்பாகி ஒருவர் சட்டை கிழிந்தது. மறுநாளிலிருந்து கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் கட்டாயம் இறங்கி, வரிசையில் நின்றுதான் ஏற வேண்டும் என்று ஆகிவிட்டது.

"ரிட்டர்ன், நீயும்தான். எறங்கு" என்றார் நடத்துநர். "எனக்கு மட்டும் ஆசையா? எறங்குப்பா."

அன்று வரிசையில் எனக்கு முன்னால் பெரிய கூட்டம். என் முறை வந்தபோது பின்பக்கம் ஒரே ஒரு இடம் கண்ணில் பட்டது. இரண்டு பேர் தோளுக்கு நடுவில் புகுந்து போய் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. நிமிர்ந்தபோது பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அதே இடத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள். கையில் துணிப்பை. அக்காவைவிடப் பெரிய வயிறு.

"தம்பி, நான் உக்காந்துக்கட்டா?" என்றாள்.

இது எங்கள் அக்காவுக்கு, அவள் மாசமாக இருக்கிறாள் என்றேன்.

அவள் குனிந்து என் இருக்கைக்குக் கீழேகூடப் பார்த்தாள். "எங்க அக்கா?"

"ஏழு ஸ்டாப் தள்ளி ஏறுவாங்க."

"நல்லா இருக்கே. இல்லாத பிள்ளைத்தாச்சிக்கு எடம் இருக்கு. இருக்கிற பிள்ளைத்தாச்சி நிக்கணும்."

யாரோ சிரித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் வயிறு என் தோளில் இடித்தது.

எங்கள் ஸ்டாப்பில் அக்கா எப்படியோ உள்ளே வந்து சேர்ந்தாள். நான் எழுந்தேன், அவள் உட்கார்ந்தாள்.

"வந்துட்டாங்களா மகாராணி" என்றாள் அந்தப் பெண்.

அக்கா தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் கண்ணுக்கு நேராக இருந்தது அந்த வயிறுதான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையை நீட்டி அந்தப் பெண்ணின் துணிப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

என்னால் இறங்க முடியவில்லை. கதவுப் பக்கம் சுவர் எழுப்பியது போல ஆட்கள். இறங்கணும் இறங்கணும் என்று கத்தியதற்கு, எல்லோரும்தான் இறங்கணும், அதற்கு ஊர் வரட்டும் என்றான் ஒருவன். பேருந்து கிளம்பிவிட்டது. விட்டது தொல்லை என்று கம்பியில் தொங்கினேன். அதனால்தான் மற்றதையும் பார்க்க நேர்ந்தது.

மூன்று ஸ்டாப் போனதும் அக்கா எழுந்தாள். அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்து இழுத்து, இருக்கையில் உட்காரவைத்தாள்.

"பாலம் வரைக்கும் நீங்க. பாலம் வந்ததும் எந்திரிச்சிடணும். எனக்கும் நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அந்தப் பெண் சரியென்று தலையை ஆட்டினாள். அக்காவின் சாப்பாட்டுப் பையையும் வாங்கித் தன் பையின்மேல் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்த வேகத்தில் தூங்கிவிட்டாள். அப்படி ஒரு தூக்கம். தலை சாய்ந்து முன்னிருக்கைக் கம்பியில் மோதியும் விழிக்கவில்லை.

பாலம் வந்தது. நான் கையை நீட்டி அவளைத் தட்டப் போனேன். அக்கா வேண்டாம் என்று கண்ணாலேயே அடக்கினாள். பாலம் போனது. கம்பெனி ஸ்டாப்வரை அக்கா நின்றுகொண்டே போனாள். இறங்கும்போது தன் பையை உருவி எடுத்தாள். அதற்கும் அவள் விழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். கால் இரண்டும் பூசணி. மறுபடியும் ரத்தம் பட்டிருந்தது. எங்களுக்கு இருப்பது ஒரே அறை. நான் வேலைக்குக் கிளம்பும் நேரமும் அவர்கள் வந்து சேரும் நேரமும் ஒன்று. மச்சான் சிமெண்ட் காய்ந்த கையோடு அவள் காலருகே உட்கார்ந்திருந்தார்.

எழுப்ப மனசு வரவில்லையா என்று கேட்டேன்.

"மனசெல்லாம் ஒண்ணும் இல்லடா. அவளை எழுப்பி, அவ முழிச்சு, எந்திரிச்சு, எல்லாரும் வேடிக்கை பாக்க... அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல." கொஞ்சம் பொறுத்து, "நீ ஏன் அவளை நிக்க வச்சே?" என்றாள்.

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கே அது தெரியும் என்பதால் சொல்லவில்லை.

மச்சான்தான் பேச்சை எடுத்தார். கடைசி ஸ்டாப்பை ஒட்டிய பிளாக்கில் நாலாவது மாடியில் ஓர் அறை இன்னும் போகவில்லை. லிஃப்ட் வைக்கவில்லை, அதனால்தான் கிடக்கிறது. லிஃப்ட் வரவேண்டிய குழியைப் பலகை வைத்து மூடியிருக்கிறார்கள். அந்தப் பலகையை அடித்ததே தான்தான் என்றும் சொன்னார்.

"துரத்திக்கிட்டே போறதுக்கு நாமளே கடைசிக்குப் போயிடலாம். வரிசையில முதல் ஆளா நின்னா உக்காந்து போவே."

"நாலு மாடி ஏறணுமே."

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். உக்காந்து உக்காந்து ஏறு."

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்பதில் எது பரவாயில்லை என்று அக்கா விட்டத்தைப் பார்த்து யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"அங்கேயிருந்து எப்பத் தள்ளிப் போடுவாங்க கடைசி ஸ்டாப்பை?"

மச்சான் கைச் சிமெண்டை நகத்தால் சுரண்டினார். அதற்கும் அப்பால் புது பிளாக்குக்குக் கல் நட்டுவிட்டார்கள், அடுத்த வேலைக்கு அங்கேதான் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

"பஸ் எப்ப விடுவாங்க?"

"பள்ளிக்கூடம் திறந்தப்புறம்தான்."

"அதுவரைக்கும் போதும். அப்புறம் லீவு குடுத்துடுவாங்க" என்றாள் அக்கா.

மூட்டை கட்ட ஒரு காலை நேரம் போதுமானதாக இருந்தது. எங்கள் அறைக்கு அன்று மத்தியானமே வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். புருஷன், பெண்டாட்டி, அவளுடைய தங்கை. சுவரில் அக்கா கால் வைத்த தடத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்கள். அழுக்கு என்றேன்.

புது இடத்தில் இரண்டாவது மாடிப் படியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அதே மாடியில்தான் இருக்கிறாள். தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது.

"என்ன தம்பி, இங்கயும் யாருக்காவது எடம் பிடிக்க வந்தீங்களா?"

குடத்தைத் தூக்கி அவள் கதவருகே வைத்துவிட்டு மேலே ஏறினேன். அக்கா உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாள். ஒவ்வொரு மாடிக்கும் ஓர் இடத்தை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

இப்போது வரிசையில் அவர்கள் இரண்டு பேரும் முன்னால் நிற்கிறார்கள். ஒருத்தி பிந்தினால் மற்றவள் பையைப் போட்டு இடம் பிடிக்கிறாள். என்னுடைய வேலை முடிந்தது. இப்போதெல்லாம் எதிர்த்திசையில் வரும் நான் தூங்கலாம். தூரம் கூடியதால் தூக்கமும் கூடவேண்டும். ஆனால் பழைய தெருமுனை வரும்போது எப்படியோ விழிப்பு வந்துவிடுகிறது.

இன்று காலை இரண்டு பேருந்தும் அந்தத் தெருமுனையில் எதிரெதிரே நின்றன. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண். எங்கள் பழைய தெருக்காரர்கள் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரையும் முறைத்தார்கள். எங்கள் அறைக்கு வந்தவளின் தங்கையும் அதில் இருந்தாள். ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குக் கேட்கத் தேவையில்லை.

அக்காவுக்கும் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.