குழாயில் போன ரத்தம்

டாக்டர் பாலசுப்பிரமணியம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டபோது ஜெகநாதனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"மாஃப் கரோ, ஜெகநாதன். உன் சம்சாரத்துக்கு ரத்தப் புற்றுன்னு சொல்லிக் கலங்கடிச்சுட்டேன். மெட்ராஸ்லேர்ந்து தந்தி வந்திருக்கு. அந்தப் புரதம் ரொம்பக் குறைச்சல். ரத்தத்தைக் கண்ணாடியில தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல பார்த்ததுல ஒரு கெட்ட அணுகூட இல்லையாம். ஜஹாஸ்ல ஏத்தி மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டாம்னுட்டாங்க. என் கண்ணு இப்படி ஏமாத்திடுச்சே!"

கண் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவன் எதிரே நின்றான்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்குப் படுக்கைகள் கொஞ்சம். ரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்து, யாருக்கு மருந்து கேட்கும் என்று அங்கே கணித்தார்கள். குறைவாக இருந்தால் கப்பலேறி வரலாம்; கூடுதலாக இருந்தால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். போர்ட் பிளேரில் ரத்தம் எடுக்கிற வேலை ஜெகநாதனுடையது. மனைவி சந்திரமதிக்கும் அவனே எடுத்தான். எடுத்த பிறகு, அளவு கூடுதலாக இருந்துவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அதைக் கொட்டிவிட்டு, தன் கையில் குத்தித் தன் ரத்தத்தைக் குழாயில் நிரப்பி, அவள் பெயரை ஒட்டி, ஐஸ் வைத்து விமானத்தில் அனுப்பினான். படுக்கை கிடைத்தால் போதும் என்று நினைத்தான். அங்கே தேய்த்தும் பார்ப்பார்கள் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. தினமும் அதே வேலையைப் பார்க்கிறவன்!

சந்திரமதி வார்டிலிருந்து கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைன்னு நர்ஸம்மா சொன்னாங்க. டாக்டர், வாயைத் திறங்க. ஏங்க, இன்னைக்கே பாம்பூஃப்ளாட் போட்டைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிடலாமா?"

நாளைக் காலை சாத்தாம் துறையிலிருந்து மெட்ராஸுக்குக் கப்பல். அவளுக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்ல டாக்டர் போனைக் கையிலெடுத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பும், மானம் தப்பும். அவள் தப்பமாட்டாள்.

"வேண்டாம் சார்," என்றான் ஜெகநாதன். "அது என் ரத்தம்."

டாக்டர் போனை வைத்தார். திட்டியிருந்தால் தேவலை; அவர் புதுக் குழாய் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஜெகநாதனால் மனைவி பக்கம் திரும்பவே முடியவில்லை.

"அப்ப என் ரத்தம்?" என்றாள் சந்திரமதி.

"தொட்டியில ஊத்திட்டேன்."

அவள் பொட்டலத்தை மடித்து மேசைமேல் வைத்தாள். ஜெகநாதன் அவசரமாக ஊசியை எடுத்தான். அவள் தன் கையை டாக்டர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே எடுங்க, டாக்டர். புரதம் எவ்வளவு இருந்தாலும் அது என்னோடதா இருக்கட்டும்."