மூக்கன் பார்த்த முகங்கள்

மூக்கனின் மூக்கு மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சளியோடு ஓடிப்போய்விட்டது. சளி ஒரே வாரத்தில் குணமாயிற்று, மூக்குதான் திரும்பவில்லை. முகத்தில் இருந்தது, சரிதான். பார்க்க லட்சணமாகவும் இருந்தது. ஆனால் பூண்டை நசுக்கி அதனடியில் பிடித்தாலும் ஏனென்று கேட்காது. பிடித்தும் பார்த்துவிட்டான்.

வேறு தொழிலில் இருப்பவனுக்கு இது தலைபோகிற விஷயமில்லை. மூக்கன் பீர் காய்ச்சுகிறவன். அக்காவின் சின்ன பீர் ஆலையில் ஐந்து எஃகுத் தொட்டிகளுக்கும் அவன்தான் பொறுப்பு. ஆலை திறந்த அன்று அக்கா உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நின்று, "ஆலை என்னோடது, மூக்கு என் தம்பியோடது" என்று பெருமையாகச் சொன்னாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் மூக்கன். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய் உண்மையைச் சொல்வது?

சொல்லாததற்கு இன்னொரு காரணம், மச்சான். அக்காவின் கணவர். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் மேசையிலேயே காலத்தை ஓட்டும் அவருக்குத் தொட்டிப் பக்கம் வரவேண்டும் என்று கொள்ளை ஆசை. வீடியோ பார்த்தே பாதித் தொழில் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். போன மாதம் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கினார். போட்டுக்கொண்டு போக வேறு இடமில்லாததால், அதோடேயே உட்கார்ந்து லேபிள் ஒட்டினார். மூக்கு போன செய்தி தெரிந்தால் அந்த பூட்ஸ் தொட்டியடிக்கு வந்துவிடும், மூக்கன் லேபிள் மேசைக்குப் போய்விடுவான்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தான். சனிக்கிழமைதோறும் ஆலையைச் சுற்றிப்பார்க்க ஆட்கள் வருவார்கள். காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டு, கடைசியில் ருசி பார்க்கக் கொடுப்பது வழக்கம். அவர்கள் குடிக்கக் குடிக்க இவன் அவர்கள் முகத்தைப் படித்தான். புருவம் மேலே போனால் பரவாயில்லை. இரண்டாவது மடக்குக்குக் கை தானாகப் போனால் நன்று. பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தால் கோளாறு. போன இரண்டு சனிக்கிழமையும் இந்த வித்தை கைகொடுத்தது.

இன்று மூன்றாம் தொட்டிக்குத் தீர்ப்பு. பாட்டிலில் அடைப்பதா, சாக்கடையில் விடுவதா என்று மத்தியானத்துக்குள் சொல்லியாக வேண்டும். நேற்று அக்காவும் அவனும் எதிரெதிரே நின்று அதில் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். அக்கா சிரித்தாள். இவனும் சிரித்தான்.

"இருந்தாலும் நாளைக்கு இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்லுடா. உன் மூக்குதான் கடைசி" என்றாள் அக்கா.

பதினொரு மணிக்கு வேனில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்த அம்மாள், "நாங்க நாடகக் குழு. நான் இயக்குநர்" என்றாள். மூக்கன் நல்லது என்று உள்ளே கூட்டிப்போனான். அப்போதே அவனுக்குப் பகீர் என்றிருக்க வேண்டும். இல்லை.

லேபிள் மேசையைக் கடக்கும்போது மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, என் முயலுங்க பத்து நாளா தீனியத் தொட மாட்டேங்குது. கேரட்ட மட்டும் தின்னுட்டுத் தட்டைக் கவுத்துடுதுங்க. டாக்டர் ஒண்ணுமில்லங்கறாரு."

"அப்புறம் பேசலாம் மச்சான்."

முளைகட்டிக் காயவைத்த பார்லியை எல்லோருக்கும் மெல்லக் கொடுத்தான். கொதிகலனைக் காட்டினான். குழுவில் இருந்த குண்டு நடிகர் அதைத் தட்டிப் பார்த்து, "இதுக்குள்ள யாராவது விழுந்திருக்காங்களா?" என்று கேட்டார். "இதுவரைக்கும் என் செருப்பு மட்டும்தான்" என்றான் மூக்கன்.

பிறகு குளிர் அறை. அங்கே வரிசையாக வெள்ளை மூட்டைகள். எதுவாக இருந்தாலும் ஒரே மாதிரி வெள்ளை மூட்டைக்கு மாற்றிவிட வேண்டும், வருகிறவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்கும் என்பது அக்காவின் சட்டம். ஒன்றைத் திறந்து, பச்சைப் பசேலென்ற குட்டிக் குச்சிகளை ஆளுக்குக் கொஞ்சம் கையில் போட்டான்.

"இது ஹாப்ஸ். கொடியில பூக்கிற பூ. இடிச்சு இப்படிக் குச்சியாக்கிடுவாங்க. கசப்புக்குக் கொதிக்கும்போது போடுவோம். வாசனைக்கு, கடைசில தொட்டியிலயே போடுவோம். பத்து நாள் முன்னாடி இந்த மூட்டையிலேருந்துதான் மூணாம் தொட்டிக்குப் போட்டேன்."

உள்ளங்கையில் தேய்த்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தான். "ஆஹா! ஆரஞ்சுத் தோல். அதுக்குப் பின்னாடி லேசா மாம்பழம்."

"எனக்குப் புல்லு வாசனைதான் வருது" என்றாள் இயக்குநர்.

"பழகப் பழகத் தெரியும்மா" என்று மூக்கன் பெரிய மனது பண்ணிச் சொன்னான். குண்டு நடிகர் குச்சிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ருசிக்கும் மேசைக்கு வந்தார்கள். மூன்றாம் தொட்டியிலிருந்து எட்டுக் கிளாஸ் ஊற்றி வைத்துவிட்டு, மூக்கன் முகங்களுக்கு எதிரே நின்றுகொண்டான். இயக்குநர் கைதட்டினாள். "பயிற்சி! மடக்குக்கு ஒரு உணர்ச்சி. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது!"

குண்டு நடிகர் ஒரு வாய் குடித்துவிட்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல அழுதார். ஒல்லியான பெண் கிளாஸை ஓங்கி வைத்துப் பல்லைக் கடித்தாள். ஒருவன் கிளாஸின் மேல் காதல் கொண்டு அதன் காதில் ஏதோ சொன்னான். ஒருவன் விஷம் குடித்தவனாகத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தான். மூக்கன் அழுகைக்கும் காதலுக்கும் பிணத்துக்குமாக ஓடி ஓடிப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. வேர்த்துக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். பின்னாலேயே மச்சானும், பூட்ஸ் சப்தத்தோடு.

"என்னடா, மூணாம் தொட்டி? மணி பன்னண்டாகுது."

மூக்கனுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நிதானமும் போயிற்று. "ஐயா சாமி, உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். ஒரே ஒரு வாய், நடிக்காமக் குடிங்க!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது. எட்டுப் பேரும் அமைதியாக ஒரு வாய் குடித்தார்கள். எட்டுப் பேரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இயக்குநர்தான் வாய்திறந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. கையில ஒரு குச்சி குடுத்தீங்களே, அதே புல்லு வாசனை."

"எந்தக் குச்சி?" என்றார் மச்சான். குண்டு நடிகர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மச்சான் மோந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "இது என் முயல் தீனியாச்சே! வெயில் தாங்காதுன்னு வெள்ளை மூட்டைக்கு மாத்திக் குளிர் அறையில வச்சேன். அங்கேருந்து அள்ளினது வேற வாசனையா இருந்துச்சு, பக்கத்து ஹாப்ஸ் வாசனை ஏறிடுச்சுன்னு நினைச்சேன்."

அப்படியென்றால் பத்து நாளாக முயல்களின் தட்டில் விழுந்துகொண்டிருந்தது மூக்கனின் ஹாப்ஸ். அவை கவிழ்த்ததில் நியாயம் இருந்தது.

அக்கா தம்பியை முறைத்தாள். "மோந்து பாக்காமலாடா போட்டே?"

"மூணு வாரமா எனக்கு வாசனையே தெரியலக்கா." சொல்லிவிட்டான். சொன்னதும், வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு நிம்மதி வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. "நான்தான் இப்படி. நேத்து நீயும் குடிச்சியே. உனக்குமா தெரியல?"

அக்கா தரையைப் பார்த்தாள். ஆலையை மிரட்டி மேய்க்கும் அக்கா அப்படித் தலைகுனிந்து அவன் பார்த்ததே இல்லை.

"சின்ன வயசுல அடுப்புல பால் தீயும்போது கத்தினது யாரு? நீ. நான் அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். கவனமில்லைன்னு அம்மா என்னைத்தான் திட்டுவா. எனக்குப் பொறந்ததுலேருந்தே வாசனை கிடையாதுடா. நீ குடிக்கிறப்போ உன் முகத்தைப் பார்ப்பேன். அது நல்லா இருந்தா பீர் நல்லா இருக்குன்னு அர்த்தம். நேத்து உன் முகம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நேத்து நான் உன் முகத்தைப் பாத்துட்டிருந்தேன்கா."

இருவரும் ஒருவரையொருவர் வாய்பிளந்து பார்த்தபடி நின்றார்கள். இயக்குநர் தன் குழுவின் பக்கம் திரும்பி, "பாத்துக்குங்க. இந்த முகத்தைத்தான் ஆறு மாசமா உங்ககிட்ட கேட்டுட்டிருக்கேன்" என்றாள்.

மூக்கனுக்குச் சிரிப்பு முட்டியது. ஆலை என்னோடது, மூக்கு தம்பியோடது என்று அக்கா சொன்னது பெருமைக்காக இல்லை. உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

மச்சான் மெதுவாகக் கனைத்தார். "மூணாம் தொட்டியைக் கடந்து குளிர் அறைக்குப் போனாலே பத்து நாளா முயல் கூண்டு வாசனை வந்துச்சு. என் சட்டையிலேருந்து வருதாக்கும்னு நினைச்சேன். தினம் ரெண்டு தடவை குளிச்சேன்."

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றாள் அக்கா.

"என்னை யாரு கேட்டீங்க?"

மூன்றாம் தொட்டி சாக்கடைக்குப் போனது. நான்காம் தொட்டியிலிருந்து மூன்று கிளாஸ் வந்தது. மூக்கன் தானாகவே நகர்ந்து மச்சானுக்கு நடுவில் இடம் விட்டான். மூவரும் ஒரு வாய் குடித்தார்கள். குடித்ததும் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் மச்சானின் முகத்தைப் பார்த்தார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தை யாரும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. அவர் அவசரப்படவே இல்லை. வாயில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் கழித்துத்தான் விழுங்கினார்.