அம்மாவின் கடைசித் தட்டு

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் எஞ்சியிருக்கும் என் இரண்டு பற்களும் இந்த நொடியே உதிரட்டும்.

ஆராய்ச்சிக்காரி ஒருத்தி. அம்மா போய் ஒரு மாதமாகியும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கையில் சுடுதண்ணீர் கொட்டினாலும், யார் கையோ என்று பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அம்மா உயிரோடிருந்தபோது கொடுத்த தோலிலிருந்து வளர்த்த செல்கள்தான் அவளுடைய வேலை. அவற்றின்மேல் புண் கழுவும் பெராக்சைடைச் சொட்டுவாள். அந்த ஆக்சிஜன் உபத்திரவம் தாங்காமல் உள்ளே தூங்கும் நொதி ஒன்று விழிக்கும், பாஸ்பேட்டை ஒட்டி அடுத்த நொதியை எழுப்பும், அது அடுத்ததை. எல்லாம் எழுந்துவிட்டால் படத்தாளில் ஒரு கறுப்புக் கோடு விழும்.

அம்மாவின் செல்லில் கோடே விழவில்லை. அதிலொன்றும் அதிசயமில்லை. வீட்டுக்குள் வந்த திருடனிடம், "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவள் அம்மா.

உறைபெட்டியில் வைத்திருந்த அம்மாவின் செல் குப்பிகளும் தீர்ந்துவிட்டன. மிச்சம், செல் வளரும் ஒரே ஒரு கண்ணாடித் தட்டு. அதுவும் வாய் திறக்காவிட்டால் அம்மா நிஜமாகவே போய்விட்டாள் என்று அவளுக்குள் ஒரு எண்ணம்.

பக்கத்து மேசையில் எலிச் செல்களை வளர்க்கும் சின்னவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர், அணைக்கவே முடியாது. இருவர் தட்டுகளும் ஒரே வெதுவெதுப்புப் பெட்டியில், ஒரே அடுக்கில்.

"அக்கா, உனக்கும் சுரணை செத்துப்போச்சு, அந்தத் தட்டுக்கும் செத்துப்போச்சு."

"ம்."

"ஏதாவது பேசிப் பாரேன். செடிகிட்டல்லாம் பேசுறாங்க."

"போடி, வேலையப் பாத்துக்கிட்டு."

ரேடியோ தண்ணீர் குடிக்கப் போனாள். பெட்டிக்குள் பழக்கத்தில் போன அக்காவின் கை தட்டை எடுத்தது. பெராக்சைடு விட்டாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வானிலை அறிக்கை வாசிக்கும் குரலில் சொன்னாள்:

"அம்மா, நான் நேத்துலேர்ந்து சாப்பிடல."

அவ்வளவுதான். தட்டு கையைச் சுட்டது. செல்களை உடைத்துப் படமெடுத்தபோது விழுந்த கோடு தாளைத் தாண்டி, மேசையைத் தாண்டி, எதிர்ச்சுவர் வரை போய் நின்றது. பெயின்டர் வந்து மூன்று பூச்சுப் பூசியும் மறையவில்லை.

"அடிப்பாவி அக்கா! அம்மா முழிச்சிட்டாங்க!" என்று ரேடியோ அலறினாள்.

அக்கா அழவில்லை. கீழே உணவறைக்குப் போய், ருசி ஒன்றும் தெரியாமலேயே, போட்டதையெல்லாம் சாப்பிட்டு முடித்தாள்.

அம்மா பெயர் எழுதிய தட்டு மறுநாளும் பெட்டியில் தொடாமல் இருந்தது. அவள் பேசியது எலியிடம்.