திண்டில் பதிந்த தலை

இந்த நாடு முன்னேறாமல் கிடப்பதற்குக் காரணம் வறுமையல்ல, மக்கள்தொகையல்ல, மழை பொய்ப்பதும் அல்ல. உறை. இதை 1977-ஆம் ஆண்டு, பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கையில், யாருடைய உதவியும் இல்லாமல் நான் கண்டுபிடித்தேன். டிரான்சிஸ்டருக்குத் தோல் உறை போட்டு, அந்தத் தோலுக்குத் துணி உறை தைத்து, இரண்டையும் அவிழ்க்கச் சோம்பல்பட்டு, பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி கேட்கிற சமுதாயம் எங்கே போய் உருப்படும்?

இதைக் கல்லூரி ஆண்டு விழாவில் கட்டுரையாக வாசித்தேன். நன்றாகக் கைதட்டினார்கள். ஆதாரங்கள் அத்தனையும் எங்கள் வீட்டில் எடுத்தவை என்பதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. அப்பாவிடம் மட்டும் மறைத்தேன்.

அப்பா ஆவுடையப்பன் தெப்பம் வைத்திருந்தார். சங்கரன்கோவில் வட்டாரத்தில், குழாயடியில் குடங்கள் விடியும் முன்பே வரிசை போடுகிற இடத்தில், தண்ணீரில் மிதக்கிற ஒரு பொருளை வைத்துப் பிழைப்பு நடத்திய மனிதர் அவர். பதினாறு காலித் தார் பீப்பாய்களை மூங்கிலோடு சேர்த்து வடக்கயிற்றால் இறுக்கி, மேலே பலகை பாவி, நடுவில் ஒரு சின்ன மர மண்டபத்தை நிறுத்தினால் தெப்பம். சொந்தத் தெப்பம் இல்லாத ஊர்க்கோவில்கள் அப்பாவைத்தான் கூப்பிடும். லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். சாமி குளத்தை மூன்று சுற்றுச் சுற்றும். கரையில் நிற்பவர்கள் வடம் இழுப்பார்கள். அப்பா தெப்பத்தின் பின்மூலையில் கம்பு ஊன்றி நிற்பார். வருடத்தில் மூன்று தடவை, நல்ல மழையென்றால் ஐந்து தடவை. மிச்ச நாளெல்லாம் பீப்பாய்கள் கொல்லையில் கிடக்கும். மண்டபம் கொட்டகையில், உறைக்குள் இருக்கும்.

சாமி உட்காரச் சிவப்பு வெல்வெட் மெத்தை, சாயப் பச்சை வெல்வெட் திண்டு, ஜரிகைக் குஞ்சம் வைத்த திரை, கண்ணாடிச் சில்லு தைத்த மேல்கட்டி. ஒவ்வொன்றுக்கும் அம்மா இசக்கித்தாய் தனித்தனியாக உறை தைத்திருந்தாள். மேல்கட்டிக்குப் பழைய சேலை. திண்டுக்கு அப்பாவின் பழைய வேட்டி, இரண்டு முனையிலும் நாடா வைத்து. தூண்கள் நான்கும் ஆளுக்கொரு கால் வீதம் கால்சட்டை அணிந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, யூரியாச் சாக்குகளைப் பிரித்து ஒட்டுப்போட்ட ஒரு பெரிய அங்கி. துணி அழுக்காகாமல் இருக்க உறை, உறை அழுக்காகாமல் இருக்கச் சாக்கு, இவ்வளவுக்கும் பிறகு மாதம் ஒருமுறை உறைகளுக்குச் சலவை. குளக்கரையில் சாமி வந்து நிற்கிற நேரத்தில்தான் அப்பா அவிழ்ப்பார். எங்கள் வெல்வெட்டின் நிறம் எங்களைத் தவிர எல்லா ஊருக்கும் தெரியும்.

அந்த வருடம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை விடாமல் பெய்தது. திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் அப்பா பிறந்த ஊரில், ஒன்பது வருடமாகக் காய்ந்து கிடந்த தெப்பக்குளம் நிறைந்தது. தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தெப்பம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். வாலிபத்தில் அப்பா அதே குளத்தின் கரையில் கூலிக்கு வடம் இழுத்தவர்; பிழைக்க வழியில்லாமல் அந்த ஊரை விட்டுக் கிளம்பியவர். இப்போது தெப்பக்காரராகப் போய் இறங்குகிறார். புது வேட்டி ஒன்று எடுத்தார். அதை எடுத்துப் பார்ப்பதும் திரும்ப மடித்து வைப்பதுமாக இருந்தார்.

"கம்பப் புடிச்சு நான் மேல நிக்கேன், கரையில பூரா நம்ம ஆளுவ நிப்பாவ. நெனச்சுப் பாரு," என்றார் அம்மாவிடம்.

"நெனச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா உல கொதிக்காது," என்றாள் அம்மா. ஆனால் சிரித்தாள்.

முந்தின சனிக்கிழமை அப்பா குளத்தில் ஆழம் பார்க்கப் போனார். அம்மா குருவிகுளத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குக் கிளம்பினாள். போகும் முன் என்னை உட்கார வைத்து, உச்சந்தலையில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி அரக்கித் தேய்த்தாள். "நல்லா ஊறட்டும், பெறவு குளி," என்றாள். நான் குளிக்கும் முன்பே ஆதம் வந்துவிட்டான்.

ஆதம் கடையநல்லூர்க்காரன், என் வகுப்பு. கட்டுரையைக் கேட்ட நாளிலிருந்து அந்தச் சாக்கு அங்கியைப் பார்க்க வேண்டுமென்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தவன். கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டினேன். கடைசி உறை விழுந்ததும் அவன் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான்.

"ஏலே, இம்புட்டு அழகையா மூடி வச்சிருக்கீய?"

"அதத்தான மக்கா மேடையில சொன்னேன்." நான் மண்டபத்துக்குள் ஏறி மெத்தையில் உட்கார்ந்து, திண்டில் சாய்ந்தேன். "வாலே, நீயும் வந்து உக்காரு."

"நான் வரல. அது ஒங்க சாமி உக்காருத எடம்லா. நீ மொதல்ல எந்திரி."

"சாமி வருசத்துல மூணு நாளுதான் வருது. மிச்ச நாளு எடம் சும்மாத்தான கெடக்கு?"

"ஏலே சுப்பு, ஒனக்கு வாய்தாம்லே பெருசு. எந்திரிலே."

எழுந்திருக்கவில்லை. ஆதம் கேட்காத இரண்டு பத்திகளைப் படுத்தவாக்கில் சொல்லிக் காட்டினேன். கட்டுரையில் புதிதாகச் சேர்த்தவை. அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் என் தலைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து திரும்பினேன். பச்சை வெல்வெட்டில் ஒரு தலை இருந்தது. பிடரி, நான் ஆசையாக வளர்த்திருந்த நீள முடி, இடது காது உட்பட. முகப்பவுடரைக் கொட்டித் துடைத்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். காது மறைந்தது, தலை பெரிதானது.

"அப்பாட்ட இன்னைக்கே சொல்லிரு மக்கா," என்றான் ஆதம். "ஆறு நாளு கெடக்கு. எங்க ஊர்ல வெல்வெட்டு கெடைக்கும். நீ ஒரு வார்த்த சொல்லு, நானே கொண்டு வாரேன்."

"சொல்லுதேன்," என்றேன்.

அவன் போனதும் உறைகளை வந்த வரிசைப்படி மாட்டினேன். திண்டின் நாடாவை அம்மா கட்டுவதைவிட இறுக்கிக் கட்டினேன். சாயங்காலம் அப்பா சேறும் சிரிப்புமாக வந்தார். "கழுத்தளவு தண்ணி கெடக்குலே!" என்றார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். ஆதமின் போஸ்ட்கார்டு புதன்கிழமை வந்தது. 'எத்தனை கஜம்?' என்று மட்டும் கேட்டிருந்தான். பதில் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். குளத்தின் நான்கு கரையிலும் ஜனம். மேளம் நெருங்கி வந்தது. அப்பா புது வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஆறுமுகச்சாமி பக்கத்தில் நிற்க, சாக்கை இறக்கினார். திரை, தூண், மேல்கட்டி. கரையில் பெண்கள் 'ஏ அம்மா' என்று வாய்விட்டார்கள். கடைசியாகத் திண்டு. நாடாவின் முடிச்சு அவிழாமல் அப்பா பல்லால் கடித்து இழுத்தார்.

ஆறுமுகச்சாமி குனிந்து பார்த்தார். "ஆவுடையப்பா, இது என்னவே?"

அப்பா திண்டைப் பார்த்தார். பிறகு லாரிப் பக்கத்தில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார். பார்த்தது முகத்தை அல்ல.

"எந் தலதான் அண்ணாச்சி. வேல அசதியில சாஞ்சிட்டேன்."

அப்பாவின் தலையில் முடி போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது. அங்கே யாரும் அதை யோசிக்கவில்லை.

"ஒம்பது வருசங் கழிச்சு எங்க சாமி தண்ணியில எறங்குது. அது சாயுத திண்டுல நீரு தல வச்சுப் படுத்தீராக்கும்? பெறந்த ஊரு தானன்னு எளக்காரமாவே?"

"தப்புத்தான் அண்ணாச்சி."

"திண்டத் தூக்கி லாரியில போடும். கம்ப நம்ம பயலுவ எவனாவது புடிக்கட்டும். நீரு தெப்பத்துல ஏற வேண்டாம். கரையில நின்னு வடத்தப் பிடியும்."

அப்பா திண்டைத் தூக்கி வந்தார். நான் கை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் லாரியில் வைத்துவிட்டு, வடத்தின் கடைசி ஆளாகப் போய் நின்றார். கரிசல் மண் குழைந்து கிடந்தது. முதல் சுற்றில் வேட்டியின் கரை கறுத்தது. இரண்டாவதில் முழங்கால் வரை ஏறியது. மூன்றாவதில் அவர் ஒருமுறை வழுக்கி விழுந்து எழுந்தார். 'அது என் தலை' என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொல். மேடையில் முக்கால் மணி நேரம் பேசிய வாய் எனக்கு. மூன்று சுற்றும் முடிகிறவரை அது திறக்கவில்லை.

திரும்புகையில் லாரியின் முன்பக்கம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, அந்தத் திண்டுல..."

"தெரியும்லே. எனக்கு ஏது முடி?" கொஞ்ச தூரம் போன பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா வேற துணி மாத்தியிருப்பேம்லா," என்றார். வீடு வரை காய்ந்த சேற்றை வேட்டியிலிருந்து உரித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் அப்பா கொட்டகைப் பக்கமே போகவில்லை. மண்டபம் லாரியிலிருந்து இறக்கிய கோலத்தில் நின்றது. எனக்குத் தெரிந்து அது உறையில்லாமல் வீட்டில் நின்ற முதல் நாள். அம்மா எண்ணெய்க் கரண்டியோடு கூப்பிட்டாள். வேண்டாம் என்றேன். அவளே கரண்டியை உள்ளே கொண்டுபோனாள்.

கொடியில் கிடந்த துண்டை எடுத்து, நெற்றியிலிருந்து பிடரி வரை, காதும் முடியும் வெளியே தெரியாமல் தலையைச் சுற்றிக் கட்டினேன். ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு கொட்டகைக்குள் போய், மேல்கட்டியில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக உறையை மாட்டினேன்.